மாதா நகராத வீடு

போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். கீரனூர் ரோட்டில் நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட்டை எடுங்க என்று கை நீட்டுகிற ஆள். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க டிக்கெட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. நான் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பி, வயலை அக்கறையாகப் பார்க்க ஆரம்பிப்பவன் எடுத்திருக்க மாட்டான். தேவைக்கு மேல் சிரிப்பவனும் எடுத்திருக்க மாட்டான். இந்தப் புத்தியை ஓய்வு பெற்ற அன்று பையோடு சேர்த்து டிப்போவில் ஒப்படைக்க முடியவில்லை. காய்காரம்மா கூடுதலாக ஒரு கத்தரிக்காய் போட்டால் அங்கேயே ஒடித்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பேன். "ஒங்களுக்கு மோட்சத்துல எடம் குடுத்தாலும், எதுக்குக் குடுக்குறீங்கன்னு கேட்டுட்டுத்தான் உள்ள போவீங்க" என்பாள் என் மனைவி. அவள் புற்றுநோயில் போய் நான்கு வருடம் ஆகிறது.

எங்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. தலைப்பிரசவத்துக்கு முறைப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாய் இல்லாத வீட்டில் பிரசவம் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த தேதிகளை காலண்டரில் வட்டம் போட்டு, மாத்திரையை வேளாவேளைக்கு எண்ணிக் கொடுத்து, திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அழைத்து வந்தேன். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலையில், வயிற்றில் அசைவே இல்லை என்றாள். கார் பிடித்து ஓடினோம். ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம், நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்ததாம். அந்த டாக்டரம்மாவை மூன்று தடவை விளக்கச் சொன்னேன். மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னார். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மகள் மயக்கத்தில் இருந்தாள். நர்ஸ் என்னிடம் வந்து, அம்மா கண் விழிக்கும்வரை குழந்தையை வைத்திருக்கலாம், பார்க்க விரும்புவார்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன். பார்த்தால் அந்த முகம் மனதில் ஒட்டிக்கொள்ளும், பார்க்காவிட்டால் சீக்கிரம் மறந்துவிடுவாள் என்று எனக்குப் பட்டது. மாப்பிள்ளை விமானம் ஏறி வருவதற்குள், நானே குழந்தையை ஊருக்குக் கொண்டுவந்து, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் அடக்கத்தை முடித்துவிட்டேன். கண் விழித்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை எங்கப்பா?" என்பதுதான். எல்லாம் முடிஞ்சுதும்மா என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை ஒரு வாரம் இருந்தார், அவரும் என் முகத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டு லீவு முடிந்து போனார்.

வீட்டில் நானும் அவளும்தான். கஞ்சி வைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்திவிடுவாள். பேச்சில்லை. இப்படியே போனால் இந்தப் பெண்ணும் நமக்கு மிஞ்சமாட்டாள் என்ற பயம் எனக்கு உண்மையிலேயே வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். எங்களையும் சேர்த்துப் பாதிப் பேர் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். அக்டோபர் வந்தால் ஜெபமாலை மாதம். கோவிலிலிருந்து ஒரு மாதா சுரூபத்தைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டில்தான் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியோடு வந்து, பாட்டுப் பாடிக்கொண்டு எடுத்துப் போவார்கள். மாதத்தில் நாள் எத்தனையோ, வீடும் ஏறக்குறைய அத்தனை. அதனால் முறையை விட்டால் அடுத்த வருடம்தான். மாதா வருகிற நாளுக்காக வீட்டைக் கழுவி, சுண்டல் அவித்து, புதுக்கோட்டையிலிருந்து அக்கா தங்கச்சியையெல்லாம் வரவழைப்பார்கள். போன வருடம் எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்று சண்டை வந்து, இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் இன்னமும் பேச்சுவார்த்தை கிடையாது. மனைவி இருந்தவரை இதெல்லாம் அவளுடைய இலாகா. நான் சாயங்கால டூட்டியில் இருப்பேன்.

இந்த வருடம் எங்கள் முறை வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்வதற்குள் ஏழெட்டுப் பெண்கள் பாட்டோடு உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர், ஓய்வு பெற்ற டீச்சர். இந்த ஜெபக் கூட்டத்தை நடத்துபவர் அவர்தான். மாதாவை ஹாலில் டிவி மேஜை மேல் வைத்தார்கள். டிவியைத் தூக்கித் தரையில் வைத்தது நான். எதிர்வீட்டு அம்மாவும் வந்து கடைசியில் உட்கார்ந்தார். அவர் முருகன் கோவிலுக்குப் போகிறவர். அவருக்கு இங்கே என்ன வேலை என்று என் மனது கேட்டது.

ஜெபமாலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று முடிந்த பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. நான் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் மாதாவைப் பார்த்தார்கள், ஜன்னல் வழியாக வயலைப் பார்ப்பவன் மாதிரியே. என் மகள் சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "அண்ணே, மெழுகுவத்தி தீந்துபோச்சு. கடை வரைக்கும் போயிட்டு வாறீங்களா?" என்றார் டீச்சர். மேஜை ஓரத்தில் ஆறு மெழுகுவத்தி புதிதாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் போனேன். வழியெல்லாம் இவர்கள் என் மகளிடம் என்ன கிண்டிக் கிளறுகிறார்கள் என்றே யோசனை. மாப்பிள்ளை ஏன் உடனே கிளம்பிப் போனார், சம்பந்தி வீட்டில் என்ன சொன்னார்கள், இதெல்லாம் ஊருக்கு வேண்டியிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தார். மறைத்துக் கொண்டுவரும் எதையும் நான் விடுவதில்லை. "என்னம்மா அது?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, பாப்பாவுக்கு" என்று உள்ளே நுழையப் பார்த்தார். மூடியைத் திறந்தேன். உதிரி மல்லிகைப்பூ. கிண்ணம் நிறைய.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கிறது. அந்த வீட்டுக்கு எவராவது மல்லிகைப்பூ கொண்டுவருவார்களா? "கல்யாண வீடா இது?" என்று கேட்டு, கிண்ணத்தை வாங்கிக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டினேன். அந்த அம்மா காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவளுக்குக் காய்ச்சல்.

மதியம் டீச்சர் வந்தார். உட்காரவில்லை. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பொம்பளைங்க சமாச்சாரம். ஆனா இந்த வீட்ல சொல்றதுக்கு வேற ஆள் இல்ல" என்று தொடங்கினார். "பாப்பாவுக்குப் பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல். பிள்ளை இல்லைன்னு பாலுக்குத் தெரியாதுல்ல. மல்லிகைப்பூவ வச்சுக் கட்டுனா வத்தும். அதுக்குத்தான் அந்தக்கா தேடிப் புடிச்சுக் கொண்டாந்துச்சு. நீங்க ரோட்ல கொட்டிட்டீங்க."

நான் தலையைத் தூக்கவில்லை. அவளைப் பெற்று வளர்த்தவன், ஒரே கூரையின் கீழ் இருப்பவன். அவள் உடம்பு வலியில் துடிப்பது எதிர்வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் கீரனூர் போய் அரைக் கிலோ மல்லிகைப்பூ வாங்கினேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, என்ன சொல்வதென்று தெரியாமல், "இந்தாங்கம்மா" என்று நீட்டினேன். அவர் பையைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நேத்துப் பூவ ஒங்க தலையில கட்டிட்டாங்கண்ணே" என்றார். ஆனாலும் அதிலேயே நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு என் மகளிடம் போனார்.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு விஷயத்தில் தப்பாகப் போனால் எல்லாவற்றிலும் தப்பாகிவிடுமா என்ன? அதோடு, அன்று சாயங்காலம் மாதாவை எடுத்துப்போக வேண்டியவர்கள் எடுத்துப்போகவில்லை.

அடுத்த முறை தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு. ஜெபத்துக்கு வந்தவர், "வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு இருக்கோம்ணே, மாதா இன்னக்கி இங்கயே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். அதற்கு மறுநாள் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர், மாமியார் பக்கத்துச் சனம் வந்திருக்கிறது, வீடு கொள்ளவில்லை என்றார். அதற்கும் மறுநாள் மூன்றாவது வீட்டுப் பெண், சின்னவளுக்கு உடம்பெல்லாம் கொப்புளமாக இருக்கிறது, அம்மையோ என்னவோ என்றார். முறைக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்கிற ஊர் இது. மூன்று வீடு வரிசையாக மாதாவை வேண்டாம் என்கிறது. எனக்கு மணி அடித்துவிட்டது.

நான்காம் நாள் காலையில் செக்கிங்குக்குக் கிளம்பினேன். பால் வாங்குவது போலத் தெருவில் நடந்தேன். தையல்காரப் பெண்ணின் வீட்டுச் சுவரில் போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்புதான் திட்டுத்திட்டாக இருந்தது. இரண்டாவது வீட்டு வாசலில் செருப்பு இரண்டு ஜோடி. சனம் வந்த வீட்டில் இரண்டு ஜோடிச் செருப்பா? மூன்றாவது வீட்டுச் சின்னவள், அம்மை போட்டதாகச் சொல்லப்பட்டவள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். "குட் மார்னிங் தாத்தா" என்றுகூடச் சொன்னாள்.

மூன்றும் பொய். காரணம் என்ன என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளை செத்த வீடு. தீட்டு. வேதத்தில் அதெல்லாம் கிடையாது என்று கோவில் சாமியார் எவ்வளவு சொன்னாலும், ஊருக்குள் இருப்பது இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் வீடுகளிலும் வயசுப் பெண்கள் இருக்கிறார்கள், மாசமாக இருக்கும் மருமகள்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருந்த மாதா அங்கே போனால் எங்கள் கெட்ட காலமும் கூடப் போகும் என்று நினைக்கிறார்கள். அதை வாயால் சொல்ல முடியாமல் வெள்ளையடிக்கிறேன், விருந்தாளி என்கிறார்கள். சாயங்காலமானால் எதுவும் நடக்காதது போல வந்து என் மகள் பக்கத்தில் உட்காரவும் செய்கிறார்கள். அவள் இதைக் கண்டுகொண்டால் என்ன ஆவாள்?

மத்தியானம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன். நாலு மணிக்கு எழுந்து, கண்ணாடிக் கூண்டோடு மாதாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். மெழுகுவத்தி இல்லை, பாட்டு இல்லை, கூட ஒரு ஆள் இல்லை. அப்படி மாதாவை யாரும் கொண்டுபோனதில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டு, "என்னங்க ஆச்சு?" என்றார். நான் நிற்கவில்லை.

தையல்காரப் பெண் கழுத்தில் டேப்போடு மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"இந்தாங்க. ஒங்க மொறை. எடுத்துக்கங்க."

"ஐயோ அண்ணே, என்னண்ணே இப்படிச் செஞ்சுட்டீங்க. திருப்பிக் கொண்டு போங்கண்ணே."

"ஏன், வெள்ளையடிச்ச ஈரம் இன்னும் காயலையா?"

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பஸ்ஸில் எவனாவது மாட்டிக்கொண்டால் என் குரல் தானாக உயரும். அதே குரல் வந்தது. "எங்க வீட்ல ஒரு பிள்ளை செத்துப்போச்சு. அந்த வீட்டு மாதா ஒங்களுக்கு ஆகாது. அவ்வளவுதானே? அதை நேருக்கு நேர் சொல்ல வேண்டியதுதானே. எதுக்குத் தினம் வந்து நடிக்கிறீங்க?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையிலிருந்து கூண்டைக்கூட வாங்கவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாதா எந்த வீட்ல இருக்காங்களோ அங்கதாண்ணே ஜெபம். இங்கிட்டு வந்துட்டாங்கன்னா, நாங்க அங்கிட்டு எப்படிண்ணே வாறது?"

எனக்குப் புரியவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"சும்மா ஒங்க மகளப் பாக்க வந்தா விட்டுருவீங்களா? எதுக்கு வந்தீங்க, என்ன கொண்டாந்தீங்கன்னு வாசல்லயே நிறுத்துவீங்க. பூக் கொண்டாந்த அக்காவ என்ன பண்ணுனீங்க? டீச்சர்தான் சொன்னாங்க, மாதா அங்கயே இருக்கட்டும், அந்தண்ணே நம்மள வெரட்டுவாரு, மாதாவ வெரட்ட மாட்டாருன்னு. அதான் மூணு வீட்டுக்காரங்களும் இந்த வருசத்து மொறைய விட்டுக்குடுத்தோம். எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னுபோடும்."

கூண்டு கையில் கனத்தது. "அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலயேம்மா" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"எங்ககிட்டப் பேசுதுண்ணே. ரெண்டு நாளாப் பேசுது."

"என்ன பேசுறா?"

அந்தப் பெண் தயங்கினார். "பிள்ளை மொகத்தப் பாக்கலையாம். அதத்தான் சொல்லுது. வேற ஒண்ணும் சொல்லல."

திரும்பி வருகிற வழியில் யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் காலி மேஜை.

"எங்கப்பா தூக்கிட்டுப் போனீங்க?"

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அன்றும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டாள். நான் மாதாவை மேஜையில் வைத்துவிட்டு, "தப்பா எடுத்துட்டுப் போயிட்டேம்மா" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். தெருவில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் போர்ட்டிகோவுக்குப் போகாமல் ஹாலில் பிரிட்ஜ் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆள் எதற்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார், என்ன திட்டம் என்று அவர்கள் சந்தேகப்படுவது நன்றாகத் தெரிந்தது. எனக்கு அது வேண்டியதுதான். டீச்சர் மட்டும் எதுவும் கேட்காமல் ஜெபமாலையைத் தொடங்கினார்.

ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணி ஜெபமும் முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் என்னை மெழுகுவத்தி வாங்க அனுப்புவார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் "சரி, இருக்கட்டும்" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நம்ம பிள்ளைங்களுக்காக" என்றார்.

தையல்காரப் பெண் ஒரு பெயரைச் சொன்னார். அவருக்கு இரண்டு பையன்கள். அவர் சொன்ன பெயர் இரண்டு பேருடையதும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் இரண்டு பெயர்களைச் சொன்னார். அந்தப் பெயர்களில் எங்கள் ஊரில் எவரும் இல்லை. எதிர்வீட்டு அம்மா முருகனின் பெயர்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். அவருக்குப் பிள்ளையே கிடையாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் சேர்ந்து, அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். அவ்வளவுதான், வேறு ஜெபம் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறக்காமல் போனவர்கள், பிறந்து தங்காமல் போனவர்கள். ரேஷன் கார்டிலோ கோவில் பதிவிலோ இல்லாதவர்கள். இவர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு.

டீச்சர் தன் பிள்ளையின் பெயரைச் சொன்னார். பிறகு இன்னொரு பெயரையும் சொன்னார். ஒரு பையன் பெயர். "இது நம்ம அக்காவுக்காக. அவங்க இல்லாததுனால நான் சொல்றேன்" என்றார். என்னைப் பார்க்காமல், சுவரில் மாலை போட்டிருந்த என் மனைவியின் படத்தைப் பார்த்துச் சொன்னார்.

என் மகள் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு ஆறாம் மாதத்தில் ஒன்று போனது. அன்று எனக்குப் பொன்னமராவதி ரூட்டில் டூட்டி. சாயங்காலம் வந்துதான் பார்த்தேன். விடு, அடுத்தது நல்லாப் பொறக்கும் என்று சொன்னேன். மூன்றாம் நாள் டூட்டிக்குப் போய்விட்டேன். அவள் அதைப் பற்றி அப்புறம் ஒருநாளும் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அது பையன் என்றுகூட எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. அவள் பெயர் வைத்திருக்கிறாள். வருடா வருடம் அடுத்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டில், எனக்கு எதிரில், ஒரு தடவைகூட அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. எல்லோரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னபோது என் வாய் திறக்கவில்லை.

கடைசியில் என் மகள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் நைட்டியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் பேரு வைக்கல" என்றாள். "மொகம் தெரியாம எப்படிப் பேரு வைக்கிறது?"

அதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. அந்த முகத்தைப் பார்த்தவர்களில் அங்கே இருந்தது நான் ஒருவன்தான். மாப்பிள்ளையும் பார்க்கவில்லை.

"நான் பாத்தேம்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடி நெறையா இருந்துச்சு. நெத்தி வரைக்கும் எறங்கி ஒட்டியிருந்துச்சு. காது ஒன் காதுதான், மேல கொஞ்சம் மடங்கி. கீழ் ஒதட்ட உள்ள மடிச்சு வச்சிருந்துச்சு. நகமெல்லாம் வளந்திருந்துச்சு."

"நெறம்?"

"ஒங்கம்மா நெறம்."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சும்மா. தூங்குற மாதிரிதான் இருந்துச்சு."

"வலிச்ச மாதிரி இருந்துச்சா?"

"இல்ல." அதை நான் அவளுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லை.

பிறகு, "எதுல சுத்துனீங்கப்பா? ஆஸ்பத்திரித் துணியிலயா?" என்றாள்.

அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குழந்தை பிறந்தால் பழைய நூல் சேலையில்தான் சுற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள் என்று, பீரோவிலிருந்து என் மனைவியின் சேலை ஒன்றை எடுத்து ஆஸ்பத்திரிப் பையில் வைத்திருந்தேன்.

"ஒங்கம்மாவோட சேலையிலம்மா. பச்சைச் சேலை. கிழிக்கல. முழுச் சேலையையும் சுத்தி, நாந்தான் வச்சேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. பெண்கள் யாரும் அழாதே என்று சொல்லவில்லை, எதிர்வீட்டு அம்மா மட்டும் நகர்ந்து போய் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டார். நானும் அழுதேன். அத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்று தோன்றவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப, அம்மாகிட்டதான் இருக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

பிறகு அவள் ஒரு பெயரைச் சொன்னாள். பெண்கள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, என் மகனின் பெயரையும் முதல்தடவையாகச் சொன்னேன்.